விற்கப் போகும் செட்டிநாட்டு வீடு: மூன்று லட்சத்தை எதில் போடலாம்?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஐயா (தாத்தா) கட்டிய வீடு இருக்கிறது. முன்கட்டு நாட்டு ஓடு, பின்கட்டு தளம். அப்பச்சி (அப்பா) தவறியதிலிருந்து ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அண்ணன், நான், தங்கை மூவரும் விற்றுவிடலாம் என்று பேசி முடித்துவிட்டோம். அதற்கு முன் மூன்று லட்சம் வரை செலவு செய்ய முடியும். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், புது டைல்ஸ் ஒட்டி, ஃபால்ஸ் சீலிங் போட்டு, நல்ல பெயின்ட் அடித்தால் விலை கூடும் என்கிறார் அண்ணன். செய்யலாமா?

பதில்: அண்ணன் சொல்கிற மூன்றும் வேண்டாம். சென்னையில் ஒரு ஃபிளாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். உங்கள் வீட்டைத் தேடி வருகிறவர் வேறு ஆள். வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்ற நினைப்பவர், வெளியூரில் சம்பாதித்துவிட்டு ஊரில் ஒரு பழைய வீடு வேண்டும் என்று ஆசைப்படுபவர், இவர்கள்தான் இன்று செட்டிநாட்டில் நல்ல விலை கொடுக்கிறார்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் இடம்பெற்ற பிறகு விசாரித்து வருகிறவர்கள் இன்னும் விவரமானவர்கள். அவர்கள் பணம் கொடுப்பது தரையில் பதித்த ஆத்தங்குடி கல்லுக்கும் தேக்குத் தூணுக்கும் கண்ணாடி மாதிரி மின்னும் சுவருக்கும். அதையெல்லாம் நம் செலவில் மூடிவிட்டு எதை விற்பது?

பள்ளத்தூர் பக்கம் ஒரு வீட்டில் இதை நேரில் பார்த்தேன். ஆத்தங்குடி தரைமேல் பளபளவென்று புது டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். வாங்க வந்தவர் கதவோரம் ஒரு டைலைப் பெயர்த்துப் பார்த்தார். அடியில் பழைய பூ டிசைன், அதன்மேல் ஒட்டுக் கலவை அப்பியிருந்தது. மேலே இருப்பதைப் பெயர்த்துச் சுத்தம் செய்கிற கூலியைக் கணக்குப் போட்டு, அதை விலையில் கழித்துக்கொண்டார்.

உங்கள் பணத்தில் பாதியைக் கூரைக்கு ஒதுக்குங்கள். நடுப்பகலில் ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு ஓட்டுக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். வெளிச்சப் பொட்டு தெரிகிற இடமெல்லாம் ஐப்பசியில் ஒழுகும். உடைந்ததை எடுத்து, அதே அளவுப் பழைய ஓடு வாங்கிச் சொருகினால் போதும். முழுக்கப் பிரிக்கத் தேவையில்லை. ஓட்டைத் தாங்கும் கைமரத்தின் நுனி சுவரில் உட்காரும் இடத்தை ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி மெத்தென்று இறங்கினால் அந்த மரத்தை மட்டும் மாற்றுங்கள். பின்கட்டுத் தளத்தின் மேல் பதித்த தட்டோட்டின் சந்துகளை அடைத்து, தண்ணீர் வடிகிற வாட்டத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். முற்றத்துத் தகரக் குழாயும் தண்ணீர் வெளியேறும் தூம்பும் அடைத்திருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். இந்த வேலை மழைக்கு முன் முடிந்தாக வேண்டும்.

அடுத்தது சுவர் ஈரம். நம் ஊர்களில் தெருவை ஒவ்வொரு முறையும் மேலே மேலே போட்டு, வீட்டுச் சுவரின் அடிப்பகுதி தாழ்ந்துபோயிருக்கிறது. மழைத் தண்ணீர் அங்கேயே நிற்கும். சுவரோரம் மண்ணை வெட்டித் தாழ்த்தி, தண்ணீர் விலகி ஓட வழி செய்யுங்கள். உப்புப் பூத்த இடத்தில் யாரும் சிமென்ட் பூச விடாதீர்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும், இரண்டு மழையில் பூச்சோடு சேர்ந்து கழன்று விழும். சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசினால் சுவர் காய்ந்துகொள்ளும். பெயின்ட்டுக்குப் பதில் சுண்ணாம்பு அடியுங்கள், செலவும் குறைவு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய பூச்சு நன்றாக இருக்கிற இடத்தில் ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

இனி தரை. இதில்தான் குறைந்த செலவில் நிறைய மாற்றம் தெரியும். கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல்லை மட்டும் முதலில் தேய்த்துப் பாருங்கள். லேசான சோப்புத் தண்ணீர், தேங்காய் நார், அவ்வளவுதான். ஆசிட் மட்டும் பக்கத்தில் வரக்கூடாது. ஆத்தங்குடி கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமென்ட்டை ஊற்றி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. ஆசிட் பட்டால் நிறமே அரித்துப் போகும். தேய்த்துக் காய்ந்த பிறகு துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடையுங்கள். சாம்பல் பூத்துக் கிடந்த கல்லில் சிவப்பும் பச்சையும் எழுந்து வரும்போது அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், டைல்ஸ் பேச்சே வராது. எண்ணெய் அதிகமானால் தூசி ஒட்டும், கவனம்.

உடைந்த கல் இருந்தால் ஆத்தங்குடியில் அதே டிசைனில் செய்து தருவார்கள். ஆனால் புதுக் கல் பழையதோடு நிறம் சேராது, பளிச்சென்று தனியாகத் தெரியும். அதனால் வளவில் உடைந்த இடத்துக்குச் சாமான் அறையிலிருந்து பழைய கல்லைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, புதுக் கல்லைச் சாமான் அறையில் பதியுங்கள்.

மீதிப் பணத்தில் பின்கட்டில் நல்ல கழிவறை ஒன்று. வெளிச்சுவரை ஒட்டி, வெஸ்டர்ன் வகையாக வையுங்கள். நாலு அங்குலக் குழாய்க்குப் பத்து அடிக்கு இரண்டு அங்குல வாட்டம் இருக்கட்டும். ஒயரிங்கைப் புதிதாக இழுத்து, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் பொருத்துங்கள். ஒயர்க் குழாய் பதிப்பதற்காக, இழைத்த சுவரை வெட்டவே கூடாது, அந்தக் காயத்தை மறைக்க முடியாது. உத்தரத்தின் ஓரமாக வெளியே தெரியும்படி ஒயரைக் கொண்டு போகலாம்.

பணம் போதாமல் தூணையோ நிலைக்கதவையோ விற்று வேலை பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். காணாமல் போன பித்தளைக் கைப்பிடி, தாழ்ப்பாள் வேண்டுமானால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேடி வாங்கிப் பொருத்துங்கள்.

பட்டா இன்னும் ஐயா பெயரில் இருந்தால், கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் அதை மாற்ற மனுக் கொடுங்கள். வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். தங்கையின் கையெழுத்தும் கட்டாயம் வேண்டும். ஐயாவுக்கு வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்கள் வழி வாரிசுகளையும் ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கூரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு கையெழுத்து குறைந்தால் முன்பணம் தருபவரும் திரும்பிப் போய்விடுவார்.

அப்புறம், ஆள் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்பே கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வையுங்கள், வௌவால் வாடை போகட்டும். வருகிறவரை உச்சிப் பொழுதுக்குச் சற்று முன்னால் வரச் சொல்லுங்கள். முற்றத்தில் வெயில் இறங்கி, துடைத்த தரையில் படுகிற நேரம் அது.