புது டர்போ மாட்டியும் நீலப் புகையா? ஆயில் திரும்பும் குழாயைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. ஸ்விஃப்ட் 1.3 டீசல் எஞ்சினை வீட்டிலேயே பிரித்து, ரிங், பேரிங், டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சாதனம்) எல்லாம் புதிதாகப் போட்டும், ஐட்லிங்கில் நீலப் புகை, அதாவது ஆயில் எரியும் புகை, வருகிறது என்கிறீர்கள். ரீமேப் செய்யவும் ஆசை என்கிறீர்கள். டர்போவைத் திருப்பி அனுப்ப அவசரப்படாதீர்கள்.

டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகிறது. ஆனால் சம்புக்கு (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு) அது திரும்புவது வெறும் புவியீர்ப்பில்தான். அந்தத் திரும்பும் குழாயில் சின்ன அடைப்பு இருந்தாலும் ஆயில் தேங்கி, டர்பைன் பக்கம் (புகை போகும் பக்கம்) கசியும். அங்கே இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு குட்டி வளையம். தேங்கிய ஆயிலை அதால் தடுக்க முடியாது. நான் ஒருமுறை அந்தக் குழாயின் ஃப்ளாஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டில்) கேஸ்கெட்டுக்கு மேல் சிலிக்கான் பசையும் அப்பினேன். அது உள்ளே பிதுங்கி, சிவப்புப் புழு மாதிரி பாதி ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு நாள் தூக்கம் போச்சு.

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் இதே கதைதான்; உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலைத் திரும்ப விடாது.

அப்புறம், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். பழைய டர்போ கக்கிய ஆயில் அதில் தேங்கியிருக்கும். கழற்றிக் கவிழ்த்து, அலசி, நன்றாகக் காயவிடுங்கள். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்: டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்து, சாவியைத் திருப்பி அணைத்தாலும் நிற்காமல் சீறும். மேனுவல் வண்டிதானே, அப்படி ஆனால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, ஐந்தாவது கியரில் கிளட்சை விட்டுத் திணறடித்து நிறுத்துங்கள்.

ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றிப் பவரைக் கூட்டுவது) ஆசையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். புது ரிங் முதலில் சிலிண்டரோடு படியட்டும்.

திரும்பும் குழாயைக் கழற்றியதும் ஃப்ளாஞ்ச் படம் ஒன்று போடுங்கள்.