வாசகர் கேள்வி – பதில்: பழைய கேம்பர் வேனுக்கு எந்த எஞ்சின்?

கேள்வி: எங்களிடம் 1987ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் டி25 கேம்பர் வேன் உள்ளது. அதன் 1.9 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் சில மாதங்களாகக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது. ஏற்றங்களில் வண்டி மிகவும் திணறுகிறது. எஞ்சினையே மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். அதே எஞ்சினைப் புதுப்பிப்பதா, ஜப்பானிய நிறுவனமான சுபாருவின் எஞ்சின் வைப்பதா, டீசலுக்கு மாறுவதா? விடுமுறைகளில் பிள்ளைகளுடன் வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் செல்லும் வண்டி இது.
– ஒரு வாசகி, லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: எந்த எஞ்சின் என்று முடிவு செய்வதற்கு முன்னர், இப்போதைய எஞ்சினில் எது பழுதடைந்திருக்கிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் வண்டியில் இருப்பது 'வாஸர்பாக்ஸர்' எனப்படும், நீரால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின். கூலன்ட்டைக் காலத்தில் மாற்றாமல் விட்டால், சிலிண்டர்களை மூடும் பாகமான சிலிண்டர் ஹெட்டின் அலுமினிய விளிம்பு அரித்துப் பள்ளம் விழும். அதன்மேல் அமரும், கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட் எவ்வளவு புதியதாக இருந்தாலும் அந்த இடத்தில் நீர் கசியத்தான் செய்யும். ஆகவே, கசிவு ஒன்றை மட்டும் வைத்து முழு எஞ்சினும் போய்விட்டது என்று தீர்மானிக்க இயலாது. நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் (உள்ளே உருவாகும் அழுத்தம்) சீராக இருந்து, எஞ்சின் நன்கு சூடான பிறகும் ஆயில் அழுத்தம் குறையாமல் நின்றால், இரண்டு புதிய ஹெட்டுகளே போதுமானவை. எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் பேரிங்குகளும் தேய்ந்திருந்தால்தான் மாற்று எஞ்சினைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அவ்வாறு தேய்ந்திருந்தால், உங்கள் பயணங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது சுபாருவின் 2.2 லிட்டர் எஞ்சின். உங்கள் எஞ்சினைப் போலவே இதுவும் சிலிண்டர்கள் இருபுறமும் படுத்த நிலையில் அமைந்த எஞ்சின் என்பதால், வண்டியின் பின்புறத் தளத்துக்குக் கீழே அடங்கிவிடுகிறது. 78 குதிரைத்திறன் தந்த இடத்தில் ஏறத்தாழ 135 கிடைக்கும்போது, பிள்ளைகளும் சாமான்களும் நிறைந்த வண்டி ஸ்காட்லாந்தின் மேட்டுச் சாலைகளில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து செல்ல வேண்டியிராது. அதே நிறுவனத்தின் 2.5 லிட்டர் எஞ்சினைக் காட்டி யாராவது ஆசை காட்டினால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்; அதன் பல பதிப்புகள் ஹெட் கேஸ்கெட் பழுதுக்குப் பெயர்போனவை. ஒரு கசிவிலிருந்து தப்பி இன்னொரு கசிவில் மாட்டிக்கொள்வதில் பயனில்லை.

எஞ்சினின் விலையைக் காட்டிலும் அதைப் பொருத்தும் வேலையே இதில் பெரிது. கியர்பாக்ஸுடன் இணைக்கும் அடாப்டர் தகடு, தரையில் தட்டாதபடி ஆழம் குறைத்த ஆயில் சம்ப் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி), திருத்தியமைத்த கூலன்ட் குழாய்கள், எஞ்சின் எடுத்த காரிலிருந்தே வந்த கணினியும் வயரிங்கும் ஆகிய அனைத்தும் தேவை. இந்த வேலையை முன்பே செய்து பழகிய பணிமனையிடம் மட்டும் வண்டியை ஒப்படையுங்கள். வயரிங்கில் நேரும் சிறு பிழைகூட நடுவழியில் வண்டியை நிறுத்திவிடும்.

டீசல் எனக்கு உவப்பானதன்று. 90 குதிரைத்திறன் தரும் 1.9 லிட்டர் டிடிஐ (ஃபோக்ஸ்வாகனின் டர்போ டீசல்) எஞ்சின் சிக்கனமானது, உழைக்கக்கூடியது. ஆனால் உங்கள் எஞ்சின் தரும் சுமார் 140 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு (சுழற்றும் விசை) எதிராக அது 200க்கும் மேல் தருவதால், முதுமையடைந்த கியர்பாக்ஸ் அந்தச் சுமையைத் தாங்குவது கடினம். அதை 50 பாகை சாய்த்துப் பொருத்த வேண்டியிருப்பதால், அந்தக் கால டீசல் டி25இன் எஞ்சின் தாங்கிகளையும் சம்பையும் தேடியலைய நேரும், சத்தமும் கூடும்.

எந்த எஞ்சினைத் தேர்ந்தாலும், முன்புற ரேடியேட்டருக்கும் பின்புற எஞ்சினுக்கும் இடையே ஓடும் நீண்ட கூலன்ட் குழாய்களையும், எரிபொருள் ரப்பர் குழாய்கள் அனைத்தையும் அதே வேளையில் மாற்றிவிடுங்கள். சூடான எஞ்சினுக்கு மேல் பெட்ரோல் கசிந்து தீப்பிடித்து அழிந்த பழைய வேன்கள் பல. உள்ளே பிள்ளைகள் உறங்கும் வண்டியில் இந்தச் செலவைத் தள்ளிப்போடவே கூடாது.

கேள்வி: எஞ்சின் மாற்றத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டுமா?
– அதே வாசகி

பதில்: ஆம். எஞ்சின் எண், கொள்ளளவு, எரிபொருள் ஆகியவற்றில் மாற்றம் இருந்தால் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்கும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிப்பது கட்டாயம். 40 ஆண்டுகள் கடந்த வண்டிக்கு ஆண்டுச் சோதனையான எம்ஓடியிலிருந்து விலக்கு உண்டு; எனினும் கடந்த 30 ஆண்டுகளுக்குள் வண்டி பெருமளவு மாற்றப்பட்டிருந்தால் அந்த விலக்கு பொருந்தாது. வேறு நிறுவனத்தின் எஞ்சின் வைத்தால் அந்த வரையறைக்குள் வரக்கூடும் என்பதால், ஆண்டுதோறும் சோதனைக்கு அனுப்புவதாகவே திட்டமிடுங்கள்.