பழைய கேமிங் பிசிக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா வணக்கம். ஈரோட்டுல இருந்து எழுதறேன். 2017ல அப்பா வாங்கித் தந்த பிசி இன்னும் ஓடுது. ஐ5-6500 ப்ராசஸர், எச்110 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்கா 8ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கேபினெட்டோடயே வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி). வேலோரன்ட், ஜிடிஏ 5 ஆடுவேன், இப்ப ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, சைபர்பங்க் ஆடணும்னு ஆசை. கையில 25 ஆயிரம் இருக்கு. ஃப்ரெண்டு ஆர்டிஎக்ஸ் 4060 போடுங்கறான், கடைக்காரர் பாட்டில்நெக் ஆகும் மொத்தமா மாத்துங்கன்னு சொல்றார். ரெண்டு வருஷத்துல வேலைக்கு போனதும் புது பிசி கட்டிடுவேன். என்ன பண்ணட்டும்?

பதில்: தம்பி, ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதிதான் சரி. உங்க பிசிக்கு எந்த கார்டுன்னு முடிவு பண்ணப்போறது அந்த கேபினெட்டுக்குள்ள இருக்கற எஸ்எம்பிஎஸ்தான், அதனால முதல்ல பிளக்க புடுங்கிட்டு சைடு பேனல கழட்டி அதுல ஒட்டியிருக்கற லேபிள பாருங்க. பெரிய எழுத்துல 450ன்னு போட்டிருப்பாங்க, அத விட்டுடுங்க, கீழ சின்ன கட்டத்துல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு இருக்கும். கேபினெட்டோட சேத்து குடுக்கற லோக்கல் எஸ்எம்பிஎஸ்ல அது 16 ஆம்பியர்னு இருந்தா 12 பெருக்கல் 16, வெறும் 192 வாட். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ரெண்டுமே அந்த 12 வோல்ட்லதான் சாப்பிடுது. அதாவது 450ன்னு எழுதின பெட்டி உங்க கேமுக்கு 192தான் தருது. உங்க 1050 டிஐ மொத்தமே 75 வாட், அதையும் தனி கேபிள் இல்லாம போர்டு ஸ்லாட்ல இருந்தே எடுத்துக்குது, அதனாலதான் இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகாம ஓடிச்சு.

சரி, அடுத்து பாட்டில்நெக், அதாவது ப்ராசஸர் மெதுவா இருந்து கார்டோட வேகத்த தடுக்கறது. கடைக்காரர் சொன்னத அப்படியே நம்பவும் வேணாம் தள்ளவும் வேணாம், வீட்லயே பாத்துடலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்னு ஒரு சாஃப்ட்வேர் ஃப்ரீயாவே கெடைக்கும், எந்த கம்பெனி கார்டுக்கும் ஓடும், அத போட்டு கேம் ஓடறப்போ ஸ்க்ரீன் ஓரத்துல ஜிபியு (கார்டு) யூசேஜ், சிபியு (ப்ராசஸர்) யூசேஜ் ரெண்டையும் தெரிய வைங்க. ஜிபியு 95 சதவீதத்துக்கு மேலயே நின்னா கார்டுதான் திணறுது, புது கார்டு போட்டா கண்ணுக்கு தெரியற மாதிரி வித்தியாசம் வரும். ஜிபியு 50, 60லயே நின்னு சிபியு நாலு கோரும் 100 அடிச்சா நீங்க 4060 இல்ல அதுக்கு மேல எது போட்டாலும் ஃப்ரேம் ஏறாது. இன்னொரு சுலபமான வழி, ரெசல்யூஷன 1080ல இருந்து 720க்கு எறக்கிப் பாருங்க, அப்பவும் எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு வர்ற ஃப்ரேம்) ஏறலன்னா மாட்டிக்கிட்டது ப்ராசஸர்தான்.

உங்க விஷயத்துல எனக்கு தெரிஞ்சு வேலோரன்ட்ல கார்டு மாத்தி பெருசா ஒண்ணும் கெடைக்காது, அது ப்ராசஸர் கேம். ரெட் டெட்ல நல்லா கெடைக்கும். சைபர்பங்க் விஷயம் கொஞ்சம் யோசிக்கணும், 2023ல வந்த 2.0 அப்டேட்டுக்கு அப்பறம் அந்த கேமுக்கு கொறைஞ்சபட்சமே ஐ7-6700, ஜிடிஎக்ஸ் 1060 6ஜிபி, 12ஜிபி ரேம், எஸ்எஸ்டின்னு கேக்கறாங்க. உங்க ஐ5ல நாலு கோர் நாலு த்ரெட் (ஒரே நேரத்துல பாக்கற வேலைகளோட எண்ணிக்கை). அந்த ஐ7ல நாலு கோர் எட்டு த்ரெட், அதுவும் அதே 65 வாட், அதே எச்110 போர்டுல அப்படியே உக்காரும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எடங்கள்ல செகண்ட்ஸ்ல தேடினா கெடைக்கும். இத பின்னாடி காசு சேந்தப்போ பண்ணிக்கலாம்.

ரேம் ஒரே ஸ்டிக்கா இருக்கறது உங்க பிசில இருக்கற இன்னொரு பெரிய குறை. அதே ஸ்பீடுல இன்னொரு 8ஜிபி போட்டா 16ம் ஆச்சு, ட்யூயல் சேனலும் (ரெண்டு ஸ்டிக்கும் சேந்து வேலை செய்யறது) ஆச்சு, கேம் நடுவுல வர்ற அந்த டக் டக் திணறல் பாதி அதுலயே போயிடும். 2025 கடைசில இருந்து புது ரேம் விலை தாறுமாறா ஏறிடுச்சு, ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி எல்லாம் போறதால வந்த வினை. அதனால பழைய ஸ்டிக் வாங்கினாலும் தப்பில்ல, மெம்டெஸ்ட்ங்கற ரேம் சோதிக்கற சாஃப்ட்வேர ஒரு ராத்திரி ஓட விட்டு பாத்துட்டா ரேம் நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சிடும்.

இப்ப கார்டு. கார்டு குத்தற ஸ்லாட் உங்க போர்டுல பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. இங்கதான் நெறைய பேர் ஏமாறறாங்க. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400 ரெண்டும் விலை கம்மியா தெரியும், ஆனா அதெல்லாம் நாலே லேன்ல (டேட்டா போற பாதை) ஓடற கார்டு, 4.0 போர்டுக்குன்னு பண்ணினது. 3.0 போர்டுல போட்டா பாதை பாதியாயிடும், மேல 4ஜிபி மெமரி வேற, அது நெறைஞ்சதும் கேம் நின்னு நின்னு போகும். பழைய பிசிக்கு அது வேணவே வேணாம். 4060, 6600 எல்லாம் எட்டு லேன், 3.0ல போட்டா இழப்பு இருக்கும், ஆனா கொஞ்சம்தான்.

3050 வாங்க போனா பேர நல்லா பாருங்க, ஒரே பேர்ல ரெண்டு கார்டு இருக்கு. 2022ல வந்தது 8ஜிபி, 130 வாட், தனி பவர் கேபிள் வேணும். 2024ல வந்தது 6ஜிபி, 70 வாட், பெரும்பாலும் கேபிளே வேணாம். மெமரி மட்டும் கொறைச்சு குடுத்திருக்காங்கன்னு நெனைக்காதீங்க, உள்ள கோரும் கம்மி, மெமரி பஸ்ஸும் (மெமரிக்கு டேட்டா போற வழி) 128ல இருந்து 96 பிட் ஆயிடுச்சு, வேகமும் நல்லாவே கொறைவு. ஆனா உங்க மாதிரி எஸ்எம்பிஎஸ் நம்ப முடியாத பழைய பிசிக்கு அந்த 6ஜிபி கார்டு ஒரு வரப்பிரசாதம்னே சொல்லுவேன், 1050 டிஐ எடுத்த கரண்ட்டையே எடுத்துட்டு ஒன்றரை மடங்குக்கு மேல வேகம் தருது.

என் முடிவு இதுதான். நீங்க ரெண்டு வருஷத்துல புது பிசி கட்டறதா இருந்தா இப்பவே பேர் தெரிஞ்ச கம்பெனியோட 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒண்ணு வாங்கிடுங்க, அது புது பிசிக்கும் அப்படியே போகும், அந்த காசு வீணாகாது. மிச்சத்துல ஆர்எக்ஸ் 6600 8ஜிபி புதுசா பில்லோட அடங்குச்சுன்னா அது, 132 வாட், ஒரே ஒரு 8 பின் கேபிள். அடங்கலன்னா 3050 6ஜிபி எடுத்துட்டு மிச்ச காசுல ரேம். 4060 நல்ல கார்டுதான், ஆனா உங்க ஐ5கூட சேத்தா அதுக்கு குடுக்கற அதிக காசுக்கு வேலையே இருக்காது.

தயவுசெஞ்சு ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. பழைய எஸ்எம்பிஎஸ்ல 8 பின் இல்லன்னு கடையில 150 ரூபாய்க்கு சாட்டா பவர்ல (ஹார்டு டிஸ்குக்கு போற ஒயர்) இருந்து 8 பின் ஆக்கற கன்வெர்ட்டர் கேபிள் தருவாங்க. சாட்டா கனெக்டர் தாங்கறது 54 வாட், 8 பின் வழியா கார்டு இழுக்கலாம்ங்கறது 150 வாட். அந்த கனெக்டர் உருகி கருகி போனத நான் கையில வாங்கி பாத்திருக்கேன், மஞ்சள் வயர் இன்சுலேஷன் கனெக்டரோட ஒட்டிப் போய் புடுங்கவே வரல. வீட்ல ஆள் இருக்கற எடத்துல இந்த ரிஸ்க் வேணாம் தம்பி.

கேள்வி: ஆன்லைன்ல ஆர்எக்ஸ் 580 8ஜிபி ரொம்ப கம்மியா போட்டிருக்காங்க, பேர் தெரியாத பிராண்டு. வாங்கலாமா?

பதில்: பேருக்கு பின்னாடி 2048எஸ்பின்னு இருக்கான்னு பாருங்க. 2017ல வந்த நிஜ 580ல 2304 ஷேடர் (கார்டுக்குள்ள கணக்கு போடற சின்ன கோர்). 2018 கடைசில சீனாவுக்குன்னு விட்ட 2048எஸ்பி ங்கறது கணக்குப்படி அதுக்கு கீழ் மாடலான ஆர்எக்ஸ் 570தான், ஸ்டிக்கர் மட்டும் 580. விக்கறவங்க அந்த வார்த்தைய விளம்பரத்துல பல நேரம் போடறதே இல்ல. இது போக 2022 செப்டம்பர்ல எத்தேரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டு வெச்சு கிரிப்டோ காசு சம்பாதிக்கறது) நின்னப்போ ராத்திரி பகலா ஓடின கார்டுங்க மூட்டை மூட்டையா மார்க்கெட்டுக்கு வந்துச்சு, அத தொடச்சு புது ஃபேன் புது பெட்டி போட்டு விக்கறதும் நடக்குது. மைனிங்ல ஓடினதாலயே கார்டு செத்துடும்னு சொல்ல மாட்டேன், ஆனா புதுசுன்னு சொல்லி வித்தா அது ஏமாத்து வேலை.

இதவிட மோசம், பழைய ஜிடிஎஸ் 450 சிப்ப வெச்சு பயாஸ (கார்டுக்குள்ள இருக்கற அடிப்படை சாஃப்ட்வேர்) மாத்தி 1050 டிஐன்னு காட்டற போலி கார்டு. விண்டோஸ்லயும் 1050 டிஐன்னே காட்டும். ஜிபியு-இசட்ங்கற சின்ன சாஃப்ட்வேர ஓட்டினா பல போலிங்களுக்கு பேருக்கு முன்னாடி ஃபேக்னு அதுவே போட்டுடும். செகண்ட்ஸ் வாங்கறப்போ நேர்ல போய் அத ஓட்டிப் பாருங்க, ஷேடர் எண்ணிக்கைய கம்பெனி சொன்னதோட ஒப்பிடுங்க, அப்பறம் அரை மணி நேரமாவது கனமான கேம் ஒண்ண ஓட விடுங்க. ஸ்க்ரீன்ல கலர் புள்ளி, கோடு வருதா, சூடு 85 டிகிரி தாண்டுதா, ஃபேன்ல கடகடன்னு சத்தமான்னு பாருங்க. ஓட்டிக் காட்ட மாட்டேன்னா கெளம்பி வந்துடுங்க. இன்னொண்ணு, 580 ஒண்ணே 185 வாட், மேல ஈரோட்டு தம்பிக்கு சொன்ன எஸ்எம்பிஎஸ் கணக்கு உங்களுக்கும்தான்.

கேள்வி: சார், நான் மதுரை. கடையில பில் இல்லாம வாங்கினா ஜிஎஸ்டி மிச்சம்னு சொன்னாங்க, சரின்னு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன், ஜிபேல காசு அனுப்பினேன். மூணு வாரத்துல ஸ்க்ரீன் முழுக்க கோடு. கடையில வித்த பொருள் திரும்ப எடுக்க மாட்டோம்னு போர்ட காட்டறாங்க. சர்வீஸ் சென்டர்ல பில் கேக்கறாங்க.

பதில்: முதல்ல, அந்த போர்டுக்கு பயந்து சும்மா இருந்துடாதீங்க. நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 2019படி பில் குடுக்காம விக்கறதே நியாயமற்ற வணிக நடைமுறை. பழுதான பொருள பில்லுல சொன்ன நாளுக்குள்ள, அப்படி எதுவும் சொல்லலன்னா 30 நாளுக்குள்ள திருப்பி எடுத்துக்காம காசும் தராம இருக்கறதும் அதே லிஸ்ட்லதான் வருது. நீங்க மூணு வாரத்துலயே போயிட்டீங்க, அது உங்க பக்கம் பலம்.

பில் இல்லன்னா ஆதாரமே இல்லன்னு அர்த்தம் இல்ல. ஜிபே ரசீது, தேதியோட கடைக்காரர்கிட்ட பேசின வாட்ஸாப் மெசேஜ், பெட்டில இருக்கற சீரியல் நம்பர், கார்டு பின்னாடி ஒட்டியிருக்கற சீரியல் நம்பர், ஸ்க்ரீன்ல கோடு வர்ற வீடியோ, எல்லாத்தையும் எடுத்து வைங்க. பெட்டி நம்பரும் கார்டு நம்பரும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, மாறியிருந்தா அதையும் போட்டோ எடுங்க. அப்பறம் வாய் வார்த்தையா இல்லாம எழுத்துல, வாட்ஸாப்போ பதிவுத் தபாலோ, மாத்தித் தாங்க இல்ல காசு தாங்கன்னு நாள் குறிச்சு கேளுங்க. கூடவே பில்லும் கேளுங்க. அசையலன்னா 1915க்கு போன் பண்ணுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண், புகார பதிவு பண்ணி கடைக்கு அனுப்புவாங்க. நெறைய விஷயம் அதுலயே முடிஞ்சிடும். அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வக்கீல் கட்டாயம் இல்ல, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் இல்ல, கடை வேற ஊர்ல இருந்தாலும் நீங்க இருக்கற மாவட்டத்துலயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும்.

எல்லாருக்கும் சேத்து சொல்றேன், 18 சதவீதம் மிச்சம்ங்கறது பெரிய தொகைதான், நடுத்தர குடும்பத்துல அத விட மனசு வராது, புரியுது. ஆனா கிராபிக்ஸ் கார்டுக்கு பொதுவா மூணு வருஷம் வாரண்டி வருது, பில் இல்லன்னா அத்தனையும் போச்சு. ஜிஎஸ்டி நம்பர், கார்டோட முழு மாடல் பேர், சீரியல் நம்பர் மூணும் பில்லுல இருக்கான்னு கடையிலயே நின்னு படிச்சு பாருங்க. வெறுமனே கிராபிக்ஸ் கார்டு 1ன்னு எழுதித் தந்தா திருப்பி எழுதச் சொல்லுங்க.

கேள்வி: ரீஃபர்பிஷ்டு டெல் ஆப்டிப்ளெக்ஸ் சின்ன கேபினெட், ஐ5-6500. அதுல 6600 போட முடியுமா? மானிட்டர் பழைய விஜிஏ.

பதில்: முடியாதுங்க. அந்த சின்ன கேபினெட்ல சாதாரண கார்டு உயரத்துல பாதி இருக்கற லோ ப்ரொஃபைல் கார்டுதான் நுழையும், எஸ்எம்பிஎஸ்ஸும் டெல் சொந்த அளவு, வெளில வாங்கி மாத்தறது கஷ்டம், கார்டுக்கு குடுக்க எக்ஸ்ட்ரா கேபிளும் இருக்காது. லோ ப்ரொஃபைல்ல வர்ற 3050 6ஜிபி பாருங்க, வாங்கறதுக்கு முன்னாடி ஸ்கேல் வெச்சு நீளமும் தடிமனும் அளந்துக்குங்க. புது கார்டு எதுலயும் விஜிஏ வராது, எச்டிஎம்ஐ டூ விஜிஏ கன்வெர்ட்டர் ஒண்ணு வேணும். மாட்டினதும் மானிட்டர் ஒயர கார்டுல குத்துங்க, போர்டுல இருக்கற பழைய எடத்துலயே விட்டுட்டு கார்டு வேலை செய்யலன்னு திருப்பிக் குடுக்க வர்றவங்க இருக்காங்க.

கேள்வி: ஜிடிஎக்ஸ் 1060 6ஜிபி வெச்சிருக்கேன். டிரைவர் நிறுத்திட்டாங்களாமே, மாத்தியே ஆகணுமா?

பதில்: அவசரமே இல்ல. என்விடியா 2025 அக்டோபரோட 900, 1000 சீரிஸ் கார்டுகளுக்கு புது கேம் டிரைவர் நிறுத்தினாங்க, பாதுகாப்பு அப்டேட் 2028 அக்டோபர் வரைக்கும் வரும். இப்ப ஆடற கேம் அப்படியே ஓடும். ஆனா ரே ட்ரேசிங் (நெழல், வெளிச்சத்த நெஜம் மாதிரி காட்டறது) ஹார்டுவேர் இல்லன்னா ஓடவே ஓடாதுங்கற கேம்கள் வர ஆரம்பிச்சிடுச்சு, 2025ல வந்த டூம் தி டார்க் ஏஜஸ் அப்படித்தான். அந்த மாதிரி கேம் உங்களுக்கு வேணும்னா மாத்துங்க, இல்லன்னா பழைய பேஸ்ட்ட தொடச்சு புது தெர்மல் பேஸ்ட் போட்டு, தூசி தட்டி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுங்க.

கேள்வி: புது கார்டு போட்டதுல இருந்து கரண்ட் போனா யுபிஎஸ் கீன்னு கத்திட்டு ஆஃப் ஆயிடுது. கார்டு பிரச்சனையா?

பதில்: கார்டு நல்லாத்தான் இருக்கு. வீட்ல வைக்கற 600 விஏ யுபிஎஸ்ல பெரும்பாலும் 360 வாட்தான் வரும், அதுவும் பேட்டரி புதுசா இருந்தா. முன்னாடி கேம் ஆடறப்போ 150 வாட் இழுத்த பிசி இப்ப 250 இழுக்கும், மூணு வருஷம் ஆன பேட்டரியால அத தாங்க முடியாம வோல்டேஜ் விழுந்து கட் ஆகுது. 12 வோல்ட் 7ஏஎச் பேட்டரி மாத்திப் பாருங்க, ஸ்பீக்கர், பிரிண்டர எல்லாம் யுபிஎஸ்ல இருந்து எடுத்துட்டு பிசி, மானிட்டர் மட்டும் விடுங்க. அதுக்கப்பறமும் கட் ஆனா 1000 விஏவுக்கு போயிடுங்க.