கம்பெனியில் எடுத்த பயிற்சியை டிப்ளமோ, டிகிரிக்கு கிரெடிட்டாக மாற்ற முடியுமா?

ஒரகடம், ஓசூர் பக்கம் சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) ஆபரேட்டராக இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கிரெடிட் என்பது கற்ற நேரத்தை அளந்து படிப்பில் கணக்கு வைக்கும் அலகு. முடியும், ஆனால் எந்தச் சான்றிதழ் என்பதைப் பொறுத்தது.

சான்றிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். ‘ஏஎஸ்சி/கியூ’ (ஆட்டோமொபைல்) அல்லது ‘சிஎஸ்சி/கியூ’ (இயந்திரத் துறை) என்று தொடங்கும் எண்ணும் என்எஸ்கியூஎஃப் (தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு) நிலையும் அச்சாகியிருந்தால் அது உதவும். எச்ஆர் கையெழுத்தும் கம்பெனி சீலும் மட்டும் என்றால் கிரெடிட் கிடைக்காது. தேர்வில் தேறாமல் வெறுமனே ஷிஃப்டில் நின்ற நாட்களுக்கு கிரெடிட் இல்லை. அங்கீகாரம் பெற்ற அமைப்பு தேர்வு வைத்துத் தேறியதற்குத்தான். வேலை தெரியும், சான்று இல்லை என்பவர்கள் ஆர்பிஎல் (ஏற்கெனவே கற்ற திறனைச் சோதித்து அங்கீகரிப்பது) மதிப்பீட்டுக்குப் போகலாம்.

2023-இல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி 30 மணி நேரக் கற்றலுக்கு 1 கிரெடிட், ஒரு வருஷத்துக்கு 1,200 மணி, 40 கிரெடிட். 360 மணிப் பயிற்சி என்றால் 12. தேறிய பின் அந்த வேலையில் இருந்த அனுபவத்துக்கு இதை அதிகபட்சம் 2 மடங்கு வரை பெருக்க இடம் உண்டு.

கிரெடிட்டைச் சேர்த்து வைக்க டிஜிலாக்கர் வழியாக ஏபிசி (கிரெடிட்டுகளைச் சேமிக்கும் வங்கி போன்றது) கணக்கு திறக்க வேண்டும். அதில் நீங்களே எதையும் ஏற்ற முடியாது, சான்று கொடுத்த அமைப்புதான் ஏற்றும். இங்கே பலருக்கு இடறுவது இனிஷியல்: ஆதாரில் ‘குமார் எஸ்’, மார்க் ஷீட்டில் ‘எஸ் குமார்’ என்றிருந்தால் பதிவு பொருந்தாது. அதை முதலில் சரிசெய்யுங்கள்.

கிரெடிட் இருந்தாலும் ஏற்பதும் மறுப்பதும் கல்லூரியின் முடிவு. எந்தப் பாடத்துக்கு ஈடாக எத்தனை கிரெடிட் ஏற்பார்கள் என்பதை, ஃபீஸ் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பிச் சேர்ந்துவிட்டால் பிறகு யாரிடமும் கேட்க முடியாது.

தமிழ்நாட்டில் இன்றைக்கு உறுதியான வழி பழைய வழிதான் என்பது என் கருத்து. பத்தாவதுக்குப் பின் 2 வருஷ ஐடிஐ (ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட்) முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.-யிலும் அப்படியே. வெல்டர் 1 வருஷ டிரேடு என்பதால் அந்தக் கதவு திறக்காது.

புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: நம்மை எடுப்பது ‘டிரெயினி’யாகவா, 1961 சட்டப்படியான அப்ரென்டிஸாகவா? இரண்டு பேரும் ஒரே மெஷினில் ஒரே வேலை பார்ப்பார்கள். அப்ரென்டிஸ் ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாகும், முடிவில் தேர்வும் தேசியச் சான்றும் உண்டு. டிரெயினிக்குப் பெரும்பாலும் அனுபவக் கடிதம் மட்டுமே. ஒப்பந்தப் பதிவு எண்ணை முதல் மாதமே வாங்கி வையுங்கள்.

நேரடி இரண்டாம் ஆண்டில் சேருபவர்களைத் தடுக்கிவிடுவது கணக்கு. முதலாம் ஆண்டுக் கணிதத்தைப் படிக்காமலே அடுத்ததில் உட்கார வேண்டியிருக்கும். சேருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முதலாம் ஆண்டுப் புத்தகத்தை வாங்கி, திரிகோணமிதியிலிருந்து தொடங்குங்கள்.