'வாக்கர்' என்ற குடும்பப் பெயருக்கு 'நடப்பவர்' என்று பொருளா?

நடப்பதுதான், ஆனால் தெருவில் இல்லை. தொட்டிக்குள், ஈரத்துணியின் மேல்.

இடைக்கால இங்கிலாந்தில் தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடு, இழை இழையாகத் தளர்ந்திருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நீரும் புளித்த சிறுநீரும் (ஆமாம், சிறுநீரேதான், அதிலுள்ள அம்மோனியா பிசுக்கை எடுக்கும்) ஊற்றி, ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து மணிக்கணக்கில் மிதிப்பார்கள். நம் கடைகளில் முகப்பூச்சுக்கு விற்கும் முல்தானி மிட்டி அந்தக் களிமண்ணின் இனம்தான். மிதிக்க மிதிக்கத் துணி சுருங்கி, இழைகள் பின்னிக்கொண்டு தடிக்கும். இப்படி மிதித்தவரே வாக்கர். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் நீர்ச்சக்கரத்தால் இயங்கும் மரச்சம்மட்டிகள் பரவின. கால்களுக்கு வேலை போயிற்று, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இதே தொழிலுக்குத் தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டெவன், சாமர்செட் பக்கம் டக்கர் என்று பெயர். வாக்கர் வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் அதிகம். ஆகவே மூன்றில் எது என்பதைப் பார்த்தாலே முன்னோர் எந்தப் பக்கத்தவர் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

தொழில் மறந்துபோனதால் இன்று ஆங்கிலேயர் பலருக்கே 'நடப்பவர்' என்றுதான் தோன்றும். ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊர் மளிகைக்காரர் ஜான் வாக்கரின் பெயரில் வந்த விஸ்கிக்கு 1908-இல் நடைபோடும் கனவானைச் சின்னமாக்கியதும் அந்தச் சிலேடைதான்.

அழைக்கும்போது 'மிஸ்டர் வாக்கர்' என்பார்கள். 'மிஸ்டர் ஜான்' என்பது நம்மூர் வழக்கம். திருமணத்தாலும் இப்பெயர் வரும்: கூந்தல் பொருட்கள் விற்றுச் செல்வந்தரான அமெரிக்கர் மேடம் சி. ஜே. வாக்கருக்கு அது கணவர் வழி வந்தது.