மேசையில் டேப்லெட்: சேலம், ஏற்காடு ஓட்டல்களுக்கான கேள்வி பதில்

சேலத்திலும் ஏற்காட்டிலும் ஓட்டல்களுக்கு பில்லிங்கும் டேப்லெட்டும் அமைத்துத் தருவது என் தொழில். சாப்பிட வருகிறவர் மேசையிலேயே மெனு பார்த்து ஆர்டர் போடும் டேப்லெட் பற்றிப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

ஏற்காட்டில் ஒரு ஓட்டல் டேப்லெட்டில் என் ஜிமெயிலைத் திறந்தேன். வெளியேறாமலே மலை இறங்கிவிட்டேன். இப்போது என்ன செய்வது? (அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாடிக்கையாளர்)

மறுபடி மலை ஏற வேண்டியதில்லை. உங்கள் போனில் கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் 'உங்கள் சாதனங்கள்' என்பதைப் பாருங்கள். அந்த டேப்லெட் பட்டியலில் இருக்கும். அதைத் தொட்டு வெளியேற்றிவிட்டு, உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். அப்புறம் ஓட்டலுக்கு போன் போட்டு, டேப்லெட்டில் உங்கள் கணக்கு சேர்ந்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். நீங்கள் சங்கடப்பட ஒன்றுமில்லை. ஆர்டர் எடுக்க வைத்த டேப்லெட்டில் மெயில் திறக்க முடிந்ததே ஓட்டல்காரரின் தவறு.

மெனு தவிர வேறெதற்கும் போக முடியாதபடி எப்படிப் பூட்டுவது சார்? (ஐந்து ரோடு அருகே ஓட்டல் நடத்துபவர்)

முதலில் நீங்களே வாடிக்கையாளர் போல உட்கார்ந்து சோதித்துப் பாருங்கள். திரையின் மேலிருந்து கீழே விரலால் இழுங்கள். வைஃபை, ப்ளூடூத் பட்டன்கள் இறங்கி வந்தால் பூட்டு சரியில்லை. அடுத்து டேப்லெட்டை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். நேராக மெனு வராமல் ஹோம் ஸ்க்ரீன் வந்தால் அப்போதும் சரியில்லை.

2014-ல் ஆண்ட்ராய்டு 5.0 வந்ததிலிருந்து, திரையை ஒரே ஆப்பில் நிறுத்தி வைக்கும் 'ஸ்க்ரீன் பின்னிங்' வசதி இருக்கிறது. பலர் அதைப் போட்டுவிட்டுப் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். குழந்தை கையில் போனைக் கொடுக்க அது சரி, ஓட்டலுக்குப் போதாது. விவரம் தெரிந்த கல்லூரிப் பையன் நிமிடத்தில் வெளியே வந்துவிடுவான். டேப்லெட்டை ஃபேக்டரி ரீசெட் செய்து (எல்லாவற்றையும் அழித்துப் புதிது போலாக்கி), முதல் வேலையாக கியாஸ்க் ஆப்பை, அதாவது டேப்லெட்டை ஒரே வேலைக்குப் பூட்டி வைக்கும் ஆப்பை, முழு அதிகாரத்தோடு ஏற்றுங்கள். ஐபேட் என்றால் ஒரே ஆப்பில் பூட்டி வைக்க 'கைடட் ஆக்சஸ்' வசதி உண்டு. அதன் கடவுக்குறி எல்லாருக்கும் தெரிந்த 1234 ஆக இருக்கக் கூடாது.

பூட்டுவது பாதி வேலைதான். ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காருவதற்குள் டேப்லெட் முந்தினவரைச் சுத்தமாக மறந்திருக்க வேண்டும். அவர் தட்டிய போன் நம்பர், அனுப்பாமல் விட்ட ஐட்டங்கள், எழுதிய கருத்து எதுவும் மிஞ்சக் கூடாது. இலையை எடுத்து மேசையைத் துடைக்காமல் அடுத்தவரை உட்கார வைப்பீர்களா? அதே மரியாதை இதற்கும் வேண்டும்.

மென்பொருள் விற்கிறவர்கள் 'இரண்டு நிமிடம் யாரும் தொடாவிட்டால் அழிந்துவிடும்' என்பார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். நம் ஊரில் யாரும் ஒரே தடவையில் எல்லாவற்றையும் சொல்வதில்லை. இரண்டு இட்லி வரும், அதைச் சாப்பிட்டுக்கொண்டே ஒரு ரோஸ்ட், கடைசியில் காபி. நடுவில் அழிந்தால் எரிச்சல், அழியவே இல்லையென்றால் அடுத்தவர் தோசை முந்தினவர் பில்லில் ஏறும். கல்லாவில் பில் முடித்த நொடியில் அந்த மேசையின் டேப்லெட் முதல் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். வாங்கும் முன் இதைக் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள்.

அண்ணா, நான் சப்ளையராக இருக்கிறேன். டேப்லெட் வந்தால் எங்களை நிறுத்திவிடுவார்களா?

ஆளைக் குறைக்கலாம் என்ற கணக்கோடு வாங்க வரும் முதலாளிகள் இருக்கிறார்கள் தம்பி, மறைக்க மாட்டேன். அப்படி வருகிறவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். டேப்லெட் ஆர்டரை எழுதும், கேஓடியை (சமையலறைக்கான ஆர்டர் சீட்டை) சமையலறை பிரிண்டருக்கு அனுப்பும். இரண்டாம் தடவை சாம்பார் ஊற்றவும், தண்ணீர் தீர்ந்த டம்ளரைப் பார்க்கவும், பெரியவர் திரை முன் தடுமாறும்போது பக்கத்தில் வந்து நிற்கவும் ஆள்தான் வேண்டும். அமெரிக்காவில் சில்லீஸ் உணவகங்கள் 2014 வாக்கிலேயே மேசைகளில் டேப்லெட் வைத்துவிட்டன. பரிமாறுகிறவர்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள்.

நீங்கள் ஒன்று கற்றுக்கொள்ளுங்கள்: தீர்ந்த ஐட்டத்தைத் திரையில் அணைப்பது. பதினோரு மணிக்குப் பொங்கல் பாத்திரம் காலி என்பது கல்லாவில் இருப்பவரை விட உங்களுக்கு முதலில் தெரியும். அப்போதே அணைக்காவிட்டால் நாலு மேசையிலிருந்து பொங்கல் ஆர்டர் வரும், ஒவ்வொரு மேசையிலும் போய் இல்லை என்று சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். முதலாளிகளே, அந்த அனுமதியை சப்ளையர் கையில் கொடுங்கள்.

ஏற்காட்டில் பனி இறங்கினால் டேப்லெட் தானாகவே எதையோ அழுத்துகிறது. பழுதா?

பழுதில்லை. விரலில் இருக்கும் மின்தன்மையை வைத்துத்தான் தொடுதிரை வேலை செய்கிறது. நீர்த்துளி படர்ந்தால் அதையும் விரல் என்று எண்ணிக்கொள்ளும். 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த வராந்தாவில் மேசை போட்டால் இது நடக்கத்தான் செய்யும். வராந்தா மேசைகளுக்கு அச்சடித்த மெனு கார்டே நல்லது. சார்ஜ் செருகும் துளையில் ஈரம் இருந்தால், காய்ந்த பிறகே கேபிளைச் சொருகுங்கள்.

மலையில் இணையம் அடிக்கடி போகிறதே, என்ன செய்வது என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். ஆர்டர் ஓட்டலுக்குள் இருக்கும் வைஃபை வழியாகவே பிரிண்டருக்குப் போகும் மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். வாங்கும் முன் இணைய வயரைப் பிடுங்கிவிட்டு ஓர் ஆர்டர் போட்டுப் பாருங்கள்.

நாள் முழுக்க சார்ஜரிலேயே வைத்திருந்த டேப்லெட்டின் திரை ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

பேட்டரி உப்பியிருக்கிறது. இப்போதே ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றி, தீப்பற்றும் பொருள் இல்லாத இடத்தில் தனியாக வையுங்கள். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள். எப்போதும் நூறு சதவீதத்தில் நிற்பதும் சேலத்து வெயிலும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கெடும். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்பமே 35 டிகிரி வரைதான். சில மாடல்களில் சார்ஜை 80 அல்லது 85 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உண்டு, அதைப் போடுங்கள். தோசைக்கல் பக்கத்து மேசைக்கு டேப்லெட்டே வேண்டாம்.

எதை வைத்துத் துடைப்பது?

70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை மென்மையான துணியில் நனைத்துத் துடையுங்கள். திரை மேல் நேராக அடிக்காதீர்கள். பிளீச்சிங் கூடவே கூடாது, மேசை துடைக்கும் துணியும் கூடாது. ஒவ்வொருவர் எழுந்த பிறகும் துடைக்க வேண்டும்.

போன் நம்பர் கொடுத்தால்தான் மெனுவே திறக்கிறது. பில்லில் சர்வீஸ் சார்ஜும் தானாகச் சேர்கிறது. இது சரியா? (ஃபேர்லாண்ட்ஸ் வாசி)

இரண்டும் சரியில்லை. நம்பர் கேட்டு வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை கடைக்காரர்களுக்கு அறிவுறுத்திவிட்டது. சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்பது 2022 ஜூலையில் வந்த விதிமுறை. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பில்லிலிருந்து அதை நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். ஓட்டல்காரர்களே, சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்க ஆப்பில் போட்டிருக்கும் டிக்கை இன்றே எடுத்துவிடுங்கள். ஜிஎஸ்டி வேறு, அது வரி.

அம்மாபேட்டையில் தட்டுவடை செட் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் டேப்லெட் தேவையா அண்ணா?

வேண்டாம் அக்கா. "காரம் கம்மி, வெங்காயம் தூக்கலா" என்று வாயால் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் செட் போட்டுவிடுவீர்கள். கியூஆர் ஸ்டிக்கரும் பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டியும் போதும். கடை திறந்ததும் வேறு ஒருவர் போனில் அந்த ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து உங்கள் பெயர்தான் வருகிறதா என்று தினமும் பாருங்கள், மேலேயே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.