முதல் லேப்டாப்: கம்பெனிப் பெயருக்கு முன்னால் பில்லைப் பாருங்கள்

கேள்வி: மகள் பி.காம். முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு இதுதான் முதல் லேப்டாப். என் தம்பி டெல் வாங்கு என்கிறான். வீட்டுக்காரர் ஹெச்பி தவிர வேறு வேண்டாம் என்கிறார். இங்கே எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர், "லெனோவோ ஐ5, புதுசு மாதிரியே இருக்கும், பில் வேண்டாம் என்றால் 24,000-க்குத் தருகிறேன்" என்றார். கையில் 50,000 ரூபாய் வைத்திருக்கிறோம். எந்த பிராண்டை நம்பலாம்?
- ஒரு வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: தம்பியும் வீட்டுக்காரரும் இதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. டெல், ஹெச்பி, லெனோவோ, ஆசுஸ், ஏசர் என்ற ஐந்தில் எதை எடுத்தாலும் பிராண்டால் நீங்கள் ஏமாறப் போவதில்லை. இந்தக் கம்பெனிகளில் பெரும்பாலானவை தைவானின் குவான்டா, காம்பல் போன்ற ஒரு சில தயாரிப்பாளர்களிடம்தான் லேப்டாப்பைச் செய்து வாங்குகின்றன. ஆகவே 'அந்தக் கம்பெனி உழைக்கும், இந்தக் கம்பெனி உழைக்காது' என்று சித்தப்பா கல்யாண வீட்டில் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் வாங்கிய ஒன்று நன்றாக ஓடியிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரே கம்பெனிக்குள் வரிசைக்கு வரிசை வித்தியாசம் உண்டு. பி.எம்.டி.சி.யில் சாதா பஸ்ஸும் ஓடுகிறது, ஏசி வஜ்ராவும் ஓடுகிறது இல்லையா, அந்த மாதிரி. வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் வரிசை ஒன்று: லெனோவோவில் ஐடியாபேட், டெல்லில் இன்ஸ்பிரான், ஆசுஸில் விவோபுக், ஏசரில் ஆஸ்பயர். அலுவலகங்களுக்கென்று செய்யும் வரிசை இன்னொன்று: லெனோவோவில் திங்க்பேட், டெல்லில் லாட்டிட்யூட், ஹெச்பியில் ப்ரோபுக், எலீட்புக், ஆசுஸில் எக்ஸ்பர்ட்புக், ஏசரில் டிராவல்மேட். 2025-ல் டெல் பெயர்களை மாற்றிவிட்டது. இப்போது வெறும் 'டெல்' என்றால் வீட்டு வரிசை, 'டெல் ப்ரோ' என்றால் அலுவலக வரிசை. என்னிடம் பழுதுக்கு வருவதில் திரையும் உடம்பும் சேரும் கீல் உடைந்து வருவது அதிகம், அதில் பெரும்பங்கு வீட்டு வரிசைதான். உள்ளே பிளாஸ்டிக்கில் பதித்த சிறு ஸ்க்ரூ பிடிமானம் விட்டுப்போகும். அப்புறம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஓரம் பிளந்துகொண்டு போகும். உங்கள் பணத்துக்குள் அலுவலக வரிசையின் ஆரம்ப மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் வீட்டு வரிசையும் போதும். கடையில் திரையை ஒரு விரலால் தூக்கிப் பாருங்கள். ஆட்டமோ கரகர சத்தமோ இருந்தால் அடுத்த மாடலுக்குப் போங்கள்.

பி.காம். என்பதால் டேலி என்ற கணக்கு எழுதும் மென்பொருள் கட்டாயம் வரும். டேலி விண்டோஸில்தான் ஓடும். ஆகவே குரோம்புக், மேக்புக் இரண்டையும் மறந்துவிடுங்கள். எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்) 512 ஜிபி, ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) 8 ஜிபி குறைந்தபட்சம். ரேம் 16 கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் பிறகு ஏற்ற காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். எஸ்எஸ்டிக்குப் பதிலாக 'இஎம்எம்சி 64 ஜிபி', '128 ஜிபி' என்று போட்டு மலிவாக விற்பதைத் தொடவே வேண்டாம். இதற்கு மேல் உள்ள நுணுக்கம் உங்களுக்குத் தேவையில்லை.

இப்போது எஸ்.பி. ரோட்டுக்கு வருவோம். டவுன் ஹாலைத் தாண்டி அந்தத் தெருவில் நுழைந்ததுமே "ஏன் பேக்கு (என்ன வேண்டும்) சார், லேப்டாப்பா?" என்று நாலு பேர் கூடவே நடந்து வருவார்கள். அவர்களுக்குக் கடை கிடையாது. உங்களை ஒரு மாடிப்படி ஏற்றிவிட்டால் கமிஷன். நல்ல கடைகள் அங்கே நிறைய இருக்கின்றன, நானே உதிரி பாகம் அங்கேதான் வாங்குகிறேன். ஆனால் கூட்டிப்போக வருகிறவர் பின்னால் போகாதீர்கள். அவர் கமிஷனும் உங்கள் விலையில்தான் ஏறும்.

'பில் வேண்டாம் என்றால்' என்ற பேச்சை எடுத்த நிமிடமே நீங்கள் வெளியே வந்திருக்க வேண்டும். லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். காகித நோட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி இல்லை, அதே பிள்ளை படிக்க வாங்கும் லேப்டாப்புக்கு 18! இந்த வரி எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அதை மிச்சப்படுத்துகிறேன் என்று பில்லை விடுகிறவர் இழப்பது அதைவிட அதிகம். கம்பெனி வாரன்டியை எப்போதிலிருந்து கணக்கிடும் தெரியுமா? பல நேரம், பெட்டி தங்கள் கிடங்கை விட்டுப் போன தேதியிலிருந்து. கடை அலமாரியில் நாலு மாதம் தூங்கியிருந்தால் உங்கள் ஒரு வருஷத்தில் நாலு மாதம் வாங்கும் முன்பே போய்விடும். அதைத் திருத்தித் தருவார்கள், ஆனால் பில்லைக் காட்டினால்தான். அதுவும் நீங்களாகப் போய்க் கேட்டால்தான். விற்ற தேதியை விற்றவனே கம்பெனிக்குச் சொல்லும்படி ஒரு ஏற்பாடு செய்ய இத்தனை பெரிய கம்பெனிகளால் முடியாதா? செய்ய மாட்டார்கள்.

பில்லில் மூன்று விஷயம் பாருங்கள். உங்கள் வீட்டார் பெயர். லேப்டாப்பின் சீரியல் எண். (டெல் என்றால் அதுதான் ஏழு எழுத்து சர்வீஸ் டேக்.) கடையின் 15 இலக்க ஜிஎஸ்டி எண். கர்நாடகக் கடை என்றால் அது 29-ல் ஆரம்பிக்கும். பெட்டியிலும், லேப்டாப்பின் அடியிலும், பில்லிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் அங்கேயே நின்று கம்பெனி இணையதளத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். மாடலும் வாரன்டி நிலையும் வந்துவிடும். வேறு மாடல் பெயர் வந்தாலோ, கடை அலமாரியில் தூங்கிய சில மாதங்களுக்கும் வெகு முன்பே வாரன்டி தொடங்கிவிட்டிருந்தாலோ, அது புதுப் பெட்டி இல்லை.

இன்னொரு வகை ஆசாமி உண்டு: "என் கம்பெனி ஜிஎஸ்டியில் வாங்கித் தருகிறேன், 18 சதவீதம் மிச்சம்" என்பவர். பெங்களூரில் ஒவ்வொரு அபார்ட்மென்டிலும் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் நல்ல மனிதராகவே இருப்பார். பில் அவர் கம்பெனி பெயரில் இருக்கும். வரியைக் கழித்துக்கொள்ள அவருக்கு உரிமையும் இல்லை, ஏனென்றால் அது அவர் தொழிலுக்கு வாங்கிய பொருள் இல்லை. நாளைக்கு நுகர்வோர் புகார் கொடுக்கப் போனால், வாங்கியவர் நீங்கள் என்பதற்குக் கையில் என்ன இருக்கும்?

அந்த 24,000 ரூபாய் 'ஐ5'-க்கு வருகிறேன். ஐ5 என்பது ஒரு பொருளின் பெயரல்ல, லேப்டாப்பின் மூளையான இன்டெல் பிராசஸரில் பல வருஷங்களாக ஓடுகிற வரிசை. அதற்குப் பின்னால் வரும் எண்தான் விஷயம். ஐ5-6300யு என்றால் 6-ம் தலைமுறை, 2015-ல் வந்தது. ஐ5-8350யு 8-ம் தலைமுறை. ஐ5-1135ஜி7 என்றால் 11. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு ஆதரவை முடித்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட இன்டெல்லில் பொதுவாக 8-ம் தலைமுறையாவது வேண்டும். அதற்குக் கீழே உள்ள பழைய சரக்கு மலைபோல் தேங்கிக் கிடக்கிறது. அதைத்தான் பாலிஷ் போட்டு, புது ஸ்டிக்கர் ஒட்டி, விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றி 'புதுசு மாதிரி' என்கிறார்கள். திரையின் கீழே ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து சிஸ்டம் என்பதைத் திறந்தால் பிராசஸரின் முழுப் பெயர் தெரியும். ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

முதல் லேப்டாப் பழையதாக வேண்டாம் என்பதுதான் என் பொது விதி. ஆனாலும் பெங்களூரில் மட்டும் ஒரு விலக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கே ஐடி கம்பெனிகள் ஊழியர்களுக்கு அலுவலக வரிசை லேப்டாப்புகளைக் கொடுத்து, மூன்று நாலு வருஷத்தில் மொத்தமாகத் திருப்பி எடுத்து விற்கின்றன. திங்க்பேட், லாட்டிட்யூட், எலீட்புக் எல்லாம் இப்படி வரும். உடம்பு கெட்டி, கீ போர்டு நன்றாக இருக்கும், உதிரி பாகம் தெருவுக்குத் தெரு கிடைக்கும். 10-ம் தலைமுறையோ அதற்கு மேலோ, பில்லோடு, ஆறு மாதம் கடை வாரன்டியோடு கிடைத்தால், 50,000-க்குப் புதிதாக வாங்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை விட இதையே நான் எடுப்பேன்.

எடுப்பேன், ஆனால் சும்மா இல்லை. கடையிலேயே விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார், பரவாயில்லை, உட்காருங்கள். ரீசெட் முடிந்து எழுந்ததும் வைஃபையில் இணையுங்கள். ஏதாவது கம்பெனி பெயரைப் போட்டு வரவேற்று, அந்த அலுவலக மெயில் ஐடியைக் கேட்டால் லேப்டாப்பைக் கீழே வைத்துவிடுங்கள். அது இன்னும் அந்தக் கம்பெனிக் கணக்கில் பூட்டியிருக்கிறது. இன்றைக்கு ஏதோ வித்தை காட்டித் திறந்து தருவார், மகள் இரண்டாம் வருஷம் விண்டோஸை மறுபடி போடும் நாளில் அதே திரை வந்து நிற்கும். விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் நுழையவும் பாஸ்வேர்டு கேட்கக் கூடாது. அப்புறம் விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது தாங்கும் அளவு) என்ற எண், டிசைன் கெபாசிட்டியில் (புதிதில் தாங்க வேண்டிய அளவு) பாதிக்கும் கீழே இருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

வேலையை விட்டவர் ஒருவர் "ஆபீஸ் லேப்டாப், சும்மாதான் கிடக்கிறது" என்று நேரடியாக விற்பது இந்த விலக்கில் சேராது. அது அவருடையது அல்ல. எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் வேண்டாம்.

பெரிய ஷோரூமுக்குப் போனால் இந்தத் தொல்லை குறைவு, வேறு தொல்லை உண்டு. மேஜைக்குப் பக்கத்தில் டி-ஷர்ட் போட்டு நிற்கும் பையன் பல நேரம் அந்த பிராண்டின் ஆள். அவனிடம் 'எது நல்லது' என்று கேட்டால் என்ன சொல்வான்? நோ காஸ்ட் இஎம்ஐ என்றால் பிராசஸிங் கட்டணம், வட்டி மேல் வரும் ஜிஎஸ்டி, கைவிட்டுப்போகும் ரொக்கத் தள்ளுபடி மூன்றையும் கூட்டிப் பாருங்கள். கடை சொந்தமாக விற்கும் 'எக்ஸ்டெண்டட் வாரன்டி' வேண்டாம். கூடுதல் வாரன்டி கம்பெனியுடையதாக, விழுந்தாலும் தண்ணீர் கொட்டினாலும் சேரும்படியாக இருந்தால் பணம் கொடுக்கலாம். சாதாரண வாரன்டியில் தண்ணீர் சேராது. சேராது என்பது மட்டுமில்லை, எந்தப் பழுதாக இருந்தாலும் முதலில் 'வாடிக்கையாளர் செய்த சேதம்' என்று எழுதிப் பார்ப்பது சில சர்வீஸ் சென்டர்களின் வழக்கம். லேப்டாப்பைக் கொடுக்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுத்து, 'வெளிச்சேதம் இல்லை' என்று ஜாப் ஷீட்டில் எழுத வைத்துவிடுங்கள்.

அப்படியும் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2019 சட்டப்படி மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும். சட்டம் எழுதியவர்கள் அந்த வராந்தாவில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். உங்கள் மகளுக்குப் பரீட்சைக்குள் லேப்டாப் வேண்டும், தீர்ப்பு இல்லை. அதனால் வாங்கும் முன்பே அந்த பிராண்டின் கம்பெனி சர்வீஸ் சென்டர் உங்கள் வீட்டுக்கு எங்கே பக்கம், வாரன்டி ஆன்சைட்டா, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதா என்று கம்பெனி இணையதளத்தில் பாருங்கள். இரண்டு மாடல் சமமாக இருந்தால், ஆள் வீட்டுக்கு வருவதை எடுங்கள். பழுதான லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு டின் ஃபேக்டரி டிராஃபிக்கைத் தாண்டுவது உங்களுக்குத் தெரியாததா?

வாங்கிய அன்றே பில்லைப் போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். பளபளக் காகிதத்தில் அச்சடித்துத் தரும் பில் ஒரு வருஷத்துக்குள் வெளுத்துவிடும்.